நாய்ச் சோற்றுக்கு உப்பு

தம்பி இன்றைக்கும் அது அறுபத்தைந்தில் நடந்தது என்றுதான் சாதிக்கிறான். அறுபத்தாறு ஜனவரி என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலவை வைத்துக் கணக்கிடும் பௌத்தப் புனித நாட்களான போயாக்களை வார விடுமுறையாக்கிய வருடம் அது. அந்த ஏற்பாடு வந்த புதிதில், நோன்பு மாதத்தின் நடுவே வந்த பௌர்ணமிப் போயாவன்றுதான் எங்கள் விறகுக் கொட்டிலில், மடுவத்தில், நாய் குட்டி போட்டது. கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த மாமா, உம்மாவின் தம்பி, எங்களோடுதான் தங்கியிருந்தார். அன்று அவருக்கு லீவு இல்லாவிட்டால் பூச்சி மருந்து வீட்டுக்கு வந்திருக்காது. நானும் அந்த நேரத்தில் மடுவத்துக்குள் ஓடியிருக்க மாட்டேன்.

எங்களுடையது நாய் வளர்க்கிற வீடு இல்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். ஆனால் நோன்பு தொடங்கிய வாரம் மாத்தளையில் விடாத மழை. மங்கல் நிறத் தெருநாய் ஒன்று, வயிறு தரையில் இழுபட வந்து, விறகு அடுக்குக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் வாப்பா குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வயிற்றில் குட்டியோடு வந்ததை மழையில் விரட்ட முடியாது, குட்டி போடும் வரைக்கும் கிடக்கட்டும் என்றார். சட்டங்களும் அப்போதே பிறந்தன. யாரும் தொடக்கூடாது. அதன் சட்டி மடுவத்தை விட்டு வெளியே வரக்கூடாது. பேரும் வைக்கக்கூடாது, பேர் வைத்தால் நம்முடையதாகிவிடும். ஆகவே அவளை ‘மடுவத்துக்காரி’ என்று அழைத்தோம்.

எனக்கு ஒன்பது வயது. அந்த வருடம்தான் முதல் முறையாக முழு நோன்பும் பிடிப்பதென்று சபதம் எடுத்திருந்தேன். நோன்புக்காகப் பள்ளிக்கூடம் மூடியிருந்ததால் நாள் முழுவதும் எனக்கு மடுவத்துக்காரிதான். வாப்பாவிடம் பழைய கொக்கோச் சாக்குகள் கேட்டு வாங்கி, ஈரம் ஏறாமல் பலகைமேல் விரிக்கச் செய்தேன். ஒழுகிய மூலையில் தகரத்தைச் செருகச் சொல்லி மாமாவைப் பிடுங்கி எடுத்தேன். தண்ணீர்ச் சட்டி காலியாகாமல் தூரத்திலிருந்து குவளையால் ஊற்றினேன். தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்தால் தம்பியைக் காவலுக்கு நிறுத்தினேன்.

சோறு மட்டும் உம்மாவின் பொறுப்பு. பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பீங்கான் நிறையச் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போவார். அந்த நேரத்தில் நாங்கள் வரக்கூடாது. குட்டி போடக் காத்திருக்கும் நாய் சாப்பிடும்போது ஆள் கூடினால் சீறும் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

எனக்குப் புரியாமல் போனது நாயின் விலா எலும்பு. மலைபோலச் சோறு போகிறது, எலும்போ நாளுக்கு நாள் எண்ணும்படி தெரிகிறது. இந்த மர்மத்தை மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் கச்சேரிக் கோப்பு ஒன்றைப் படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

“பூச்சி. வேறென்ன? நாம போடுற சோத்த உள்ள ஒரு கூட்டம் தின்னுது.”

அந்தக் கூட்டம் குட்டிகளையும் தின்றுவிட்டால்? போயாவன்று பகலில் மாமா தெரிந்தவரின் வீட்டிலிருந்து ஒரு சிறு போத்தல் வாங்கிவந்தார். மாட்டுக்குக் கொடுப்பது, நாய்க்கும் கேட்குமாம். சோற்றில் கலந்துவிட்டால் போதும் என்றார். சோறு அப்போதுதான் மடுவத்துக்குப் போயிருந்தது. நான் போத்தலைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடினேன்.

உள்ளே உம்மா விறகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். பீங்கான் மடியில். வலது கையில் பருப்புச் சோறு. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் உம்மா விழுங்கிவிட்டுச் சொன்னார்:

“உப்பு பாத்தேன்.”

நோன்பு நேரத்தில் சமைப்பவர்கள் நுனி நாக்கில் உப்புப் பார்த்துத் துப்புவது எனக்குத் தெரியும். நாய்ச் சோற்றுக்கும் பார்க்கிறார் என்றால் எவ்வளவு நல்ல உம்மா! அதைச் சொல்லவும் நேரமில்லை. போத்தலை நீட்டி, பூச்சி விஷயத்தை ஒரே மூச்சில் கொட்டினேன். உம்மாவின் முகம் மாறியது. நான் அவரை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை.

“வயித்துல குட்டி ஈக்கிற நேரத்துல கண்ட மருந்தயும் குடுக்கிறதா? மாமாவுக்குப் புத்தி இல்லாட்டி ஒனக்குமா இல்ல? தாய்க்கு ஒண்ணு ஆனா என்ன செய்வீங்க?”

போத்தல் கதவு வழியாகப் பறந்தது. வாசலுக்கு வெளியே குடையோடு நின்ற மாமாவின் காலடியில் விழுந்து உடைந்தது. அதே கணத்தில் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு முனகல்.

மடுவத்துக்காரி நடுங்கிக்கொண்டு சாக்கைப் பிராண்டினாள். பளபளவென்று ஒரு பை வெளியே வந்தது. அவள் அதைக் கடித்துக் கிழித்து நக்க நக்க, உள்ளேயிருந்து எலிபோல ஒன்று கத்தியது. நான் விரலை மடக்கினேன். ஒன்று! வெளியே மாமா, “ஆணா பொண்ணா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது. மூன்றாவது வழுக்கிக்கொண்டு பலகையின் விளிம்புக்குப் போனது. நான் கையை நீட்டினேன். உம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

“தொடாத புள்ள. தாய் பாத்துக்குவா.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மடுவத்துக்காரி கழுத்தை நீட்டி, அதை வாயால் கவ்வி, வயிற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தேன், உம்மாவின் கண்கள் நிறைந்திருந்தன. விறகுப் புகை என்று நினைத்தேன். மடுவத்தில் அடுப்பே கிடையாது.

மொத்தம் ஐந்து. மிச்சச் சோற்றை உம்மா உயரத்திலிருந்து சட்டியில் கொட்டினார்.

மாலையில் நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையைக் கீழே வைக்குமுன் நான் வாப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். உம்மா நாய்ச் சோற்றுக்கு உப்புப் பார்த்ததையும் விடவில்லை. வாப்பா உம்மாவைப் பார்த்தார். உம்மா பேரீச்சம்பழக் கொட்டையைப் பார்த்தார்.

“உப்பு சரியா ஈந்திச்சா?” என்று வாப்பா கேட்டார்.

மாமாவுக்குக் கஞ்சி புரையேறியது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் முதல் வாப்பாவே நாய்ச் சோற்றில் அக்கறை எடுத்துக்கொண்டார். இரண்டு பேருக்குக் காணும்படி போடச் சொன்னார். மேலே ஒரு முட்டைப் பொரியலும் வைக்கச் சொன்னார். நாய்மேல் இரக்கம் பிறந்துவிட்டது என்று நான் தம்பியிடம் வெற்றியோடு அறிவித்தேன். மடுவத்துக்காரியின் விலாவும் மெல்ல மூடத் தொடங்கியது. ஒருநாள் கடையிலிருந்து வரும்போது வாப்பா ஒரு பை அம்பரெல்லாக் காய் கொண்டுவந்து, மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து உம்மாவிடம் கொடுத்தார். நாய்க்குத்தானா என்று கேட்டேன். ஆமாம், குட்டி போட்ட நாய்க்குப் புளிப்புப் பிடிக்கும் என்றார்.

அந்த ஜூலையில் எங்களுக்குத் தங்கை பிறந்தாள். அதே மாதம் வகுப்பில் ‘நாய்’ பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். குட்டி போட்ட நாய் அம்பரெல்லாவை மிளகாய்த்தூள் தொட்டு விரும்பித் தின்னும் என்று நான் எழுதியதை ஆசிரியை சிவப்பு மையால் அடித்தார். நான் எழுந்து நின்று வாதாடினேன். நார் நாராக முள் நீட்டிய அம்பரெல்லா விதைகள் மடுவத்து வாசலில் கிடந்ததை என் கண்ணால் கண்டிருந்தேன்.