வீடியோ தொடங்கிய இடம்

காலை ஏழு பத்து. எண்ணூர் நெடுஞ்சாலையின் நடுவில் ஓர் ஐஸ் பெட்டி இருந்தது. உள்ளே எங்கள் தெருப் பெரியவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், முந்தைய நாள் இறந்தார். பெட்டிக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டியவரை கன்டெய்னர் லாரிகள். பால் வாங்கப் போன நான், பத்திரிகை நிருபர் என்பதால், பையோடு நின்றுவிட்டேன்.

இடுகாட்டுக்குப் போகும் பாதையில் ஒரு கன்டெய்னர் யார்டு கேட் போட்டுப் பூட்டியிருந்தது. இடுகாட்டில் பாதி இந்துக்களுக்கு, பாதி கிறிஸ்தவர்களுக்கு, பாதை ஒன்றுதான். அதனால் அம்மன் கோயில் தர்மகர்த்தாவும் மாதா கோயில் கமிட்டிக்காரரும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். இறந்தவரின் மனைவி கோஷம் போடவில்லை. சின்ன வயதில் இறந்து அங்கே புதைத்த மகளுக்குப் பக்கத்தில் அவரைப் புதைக்க வேண்டும் என்று மட்டும் வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் லாரியின் டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

"மாமு, பொட்டிக்குள்ள கீறவரே அவசரப்படல. உனக்கு இன்னா அவசரம்?" என்றார் தார்ப்பாயில் இருந்த ஒருவர். டிரைவரும் சிரித்துவிட்டார்.

பிறகு போலீஸ் வந்தது, தள்ளுமுள்ளு ஆனது. எங்கள் பக்கத்துச் சாவு ஊர்வலத்தில் வழியெல்லாம் மாலையைப் பிய்த்து வீசுவார்கள். அந்த நெரிசலில் யாரோ பிய்க்காமலே வீசிய மாலை, சாலையோரம் மாதா சிலை வைத்த கெபியின் கம்பியில் போய்த் தொங்கியது. ஒரு பெண் அதை உருவி ஐஸ் பெட்டியின் மேல் எறிந்தார்.

ஒன்பது மணிக்குள் எல்லோர் போனிலும் இரண்டு வீடியோ. மாலை பறப்பதில் தொடங்கியது ஒன்று: மாதா மேல் பிண மாலை. அந்தப் பெண் உருவுவதில் தொடங்கியது மற்றொன்று: இந்து மாலைக்கு அவமானம். இரண்டாவது, முதலாவதின் கடைசித் துண்டு.

அந்தப் பெண் இறந்தவரின் தங்கை. கல்யாணத்துக்குப் பிறகு மாதா கோயிலுக்குப் போகிறவர்.

"எங்க அண்ணன் மாலை, எங்க அண்ணன் மேலயே போட்டேன். இதுல இன்னா சார் சண்டை?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். குடும்பத்து ஆள் நடுநிலையாகப் பேச முடியாது என்பதால் இரு தரப்புக்கும் தாசில்தார் வைத்த சமாதானக் கூட்டத்துக்கு அவரை அழைக்கவில்லை.

கூட்டம் யார்டு அலுவலகத்தில் நடந்தது. அங்கேதான் ஏசி இருந்தது. டீயும் சமோசாவும் மேனேஜர் உபயம். நடுநிலையாளர் என்று அவரையும் உட்கார வைத்தார்கள். சண்டை எங்கே தொடங்கியது என்று தாசில்தார் கேட்டார். தர்மகர்த்தா ஒரு வீடியோவைக் காட்டினார், கமிட்டிக்காரர் இன்னொன்றை. பிறகு பேச்சில் போன ஆடி மாதத்து ஒலிபெருக்கி வந்தது. அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் பவனி வந்தது. இரண்டாவது டீ வந்தபோது, இருவரும் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு சண்டையில் முதல் கல் யாருடையது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

வாசலில் நின்ற இறந்தவரின் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"கல்லு யாரு வுட்டா இன்னா? வயிய வுடுங்க சார், எம்மாம் நேரம் அவர வெச்சினு குந்திகினு கீறது?"

"அதைத்தாம்மா பேசிட்டிருக்கோம்" என்றார் தாசில்தார்.

பதற்றம் தணியும்வரை அந்தப் பாதையில் எந்த மதத்தவரின் ஊர்வலமும் போகக் கூடாது என்று முடிவானது. தர்மகர்த்தாவும் கமிட்டிக்காரரும் கைகுலுக்கினார்கள். அந்தப் படத்துக்கு "அமைதி திரும்பியது" என்று எங்கள் பத்திரிகை தலைப்பு வைத்தது.

மாலை நாலரை மணிக்கு, ஒரு வேனில் கொண்டுபோய், மணலிப் பக்கத்து இடுகாட்டில் அவரைப் புதைத்தார்கள்.