பால் கவர் பாய்

ஆறாம் வகுப்புக்கு நான் நிலக்கோட்டை விடுதியில் சேர்வது என்று முடிவான மறுநாளே அம்மா பாய் பின்ன உட்கார்ந்துவிட்டாள். பால் கவர் பாய். அப்பா பேகம்பூரில் ஒரு டீக்கடையில் மாஸ்டர். மதியம் வீடு திரும்பும்போது ஒரு பை நிறைய காலிக் கவர்கள் கொண்டுவருவார். அம்மா அவற்றைச் சோப்புத் தண்ணீரில் அலசி, கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவாள். நீலமும் பச்சையுமாக அவை ஆடுவதைத் தெருவே வேடிக்கை பார்க்கும். எனக்கு மானம் போகும்.

அந்த வருடம் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு சமையல்கூட அப்பாதான். அம்மா சுவரில் சாய்ந்தபடி கவர்களை நாடாவாக வெட்டுவாள்; மூன்று மூன்றாகச் சேர்த்துப் பின்னுவாள்; பின்னியதைக் கோணி ஊசியால் இணைத்துத் தைப்பாள். கை ஓய்ந்தால் செத்த நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு மறுபடி ஊசியை எடுப்பாள்.

"கடையில ஒண்ணு வாங்கிருவோம் புள்ள. எதுக்கு இம்புட்டுக் கஷ்டப்படுற?" என்றார் அப்பா.

"கோரைப்பாய் ரெண்டு வருசத்துல நைஞ்சு போயிரும். இது கெடக்கும்" என்றாள்.

கிளம்பும் நாள் காலையில் பாயை விரித்து என்னைப் படுக்கச் சொன்னாள். என் காலுக்குக் கீழே ஒரு முழத்துக்கு மேல் மிச்சமிருந்தது.

"அளவு தப்பாப் போட்டுட்டியேம்மா!"

"நீ வளர மாட்டியா தாயி? அப்பா ஒசரம் வருவ" என்றவள், அந்த மிச்ச இடத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள்.

விடுதியில் பெட்டிகளுக்கு நடுவே அந்த நீளம் அடங்கவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் 'பால்காரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் கத்தரிக்கோல் இரவல் வாங்கி மிச்சத்தை வெட்டினேன். அதை வராந்தாப் படியில் கால்மிதியாகப் போட்டதைப் பார்த்து, கெட்டிக்காரி என்றார் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அப்பாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் அதை மிதிக்காமல் தாண்டி வந்தார்.

"அம்மாட்ட சொல்லிராத."

அம்மா திட்டுவாள் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். காலாண்டு விடுமுறைக்கு நான் வீடு வரும்வரை அம்மா இருக்கவில்லை.

தான் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே, வளர்ந்த ஒருத்திக்காக அவள் அதைப் பின்னியிருக்கிறாள் என்பது அந்தப் பதினோரு வயதில் எனக்குப் புரியவில்லை.