வராத பிள்ளைக்கு ஒரு கை

என் தங்கை இசக்கிசெல்வி பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். நான் எட்டோடு நின்றுவிட்டேன், ஆனால் தமிழ் எழுதுவேன். ஆகவே அவளைப் பற்றி எழுத வேண்டியது நான்தான். அவள் செய்த ஒரு காரியத்தை வேறொருவன் செய்ததாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் இன்னும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

எங்கள் அப்பா சங்கிலிப்பாண்டி தென்காசிப் பக்கமிருந்து பஜார் ரோட்டுக்குச் சுமை தூக்க வந்தவர். செல்வி இங்கேயே பிறந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நான் சுக்குக் கிடங்கில் பொறுக்கும் வேலைக்குப் போனேன். முழுசு ஒரு குவியல், உடைந்தது ஒரு குவியல், பூச்சி அரித்தது ஒரு குவியல். கண் தப்பினாலும் கை தப்பாது. அந்தக் கூலியில்தான் செல்வி சுள்ளிக்கலில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் போட்டோஷாப் படித்தாள். பத்தொன்பது வயதில் ராமபத்ரன் சாருடைய ஸ்டூடியோவில் சேர்ந்தாள். அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருப்பவர்கள். கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம், ஜூன் மாதம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அடையாள அட்டை. இதுதான் கடையின் பிழைப்பு.

அடையாள அட்டை என்பது மணிக்கட்டை ஒடிக்கிற வேலை. ஆயிரத்து நூறு பிள்ளைகள். ஒவ்வொரு படமாகத் திறக்க வேண்டும், முகத்தை அளவாக வெட்ட வேண்டும், வெளிச்சம் கூட்ட வேண்டும், அட்டையில் வைத்துப் பெயரும் வகுப்பும் ரத்த வகையும் அடித்து, சேமித்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். முதல் வருஷம் பத்து நாள் ஆனது. செல்வி சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

இரண்டாம் வருஷம் அவளாகவே ஒரு வழி தேடினாள். கை செய்வதை ஒரு முறை செய்து காட்டினால் போட்டோஷாப் அதை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்யும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் வேறு வேறு பெயர் போட அது போதாது. அதற்கு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். இந்தப் பெட்டியில் உள்ள படங்களை எடு, இந்தப் பட்டியலில் உள்ள பெயர்களை எடு, முதல் படத்துக்கு முதல் பெயர், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் பக்கம் பக்கமாகக் கட்டளை. சாப்பாட்டு நேரத்தில் போனைப் பார்த்துப் பார்த்து நாலு மாதத்தில் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் சாட்சி, ஏனென்றால் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய் அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தது நான்.

முதல் தடவை அது ஓடியபோது திரையில் படங்கள் தானாகத் திறந்தன, வெட்டுப்பட்டன, பெயர் ஏறி மூடின. ஐம்பது நிமிஷத்தில் ஆயிரத்து நூறும் முடிந்தது. செல்வி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

“எக்கா, கை சும்மா இருக்கு பாரு” என்றாள்.

அந்த ஸ்கிரிப்டின் முதல் வரியில் தன் பெயரை எழுதி வைத்தாள். கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகிற வரி அது. வேலைக்கு அது தேவையே இல்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்றாள். நானும் இருக்கட்டும் என்றேன்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஸ்கிரிப்டுக்கு முகம் தெரியாது. வரிசை மட்டும்தான் தெரியும். வகுப்பில் ஏழாம் நம்பர் பிள்ளை அன்றைக்கு வரவில்லை என்றால் எட்டாம் பிள்ளையின் முகம் ஏழாம் பெயரில் ஏறிவிடும், அதற்குப் பின்னால் அத்தனையும் தப்பு. நான் அப்போது தூசி ஒத்துக்கொள்ளாமல் கிடங்கை விட்டுவிட்டு, பள்ளிகளில் படம் எடுக்கும்போது தலை சீவிவிடவும் டை சரிசெய்யவும் பெயர் கூப்பிடவும் அவளோடு போய்க்கொண்டிருந்தேன். கிடங்கில் சாக்கு எண்ணும்போது கிழிந்த சாக்கை வெளியே எடுத்தால் அந்த இடத்தில் ஒரு செங்கல் வைப்போம். எண்ணிக்கை ஓடிப்போகாது. அதையே இங்கும் செய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. பெயர் கூப்பிட்டுப் பிள்ளை வராவிட்டால் என் உள்ளங்கையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டுவேன். செல்வி ஒரு படம் எடுப்பாள். வராத பிள்ளைக்கு ஒரு கை. கடைசியில் என் கை உள்ள அட்டைகளைத் தனியே பொறுக்கி, அந்தப் பிள்ளைகள் வந்த நாளில் போய் எடுத்துக்கொள்வோம். நாலு வருஷம் ஒரு அட்டை தப்பியதில்லை.

அப்புறம் சுதர்ஷன் வந்தான். ராமபத்ரன் சாரின் மனைவிக்கு அண்ணன் மகன். இன்ஜினியரிங் முடித்து வேலை கிடைக்காமல் கடையில் வந்து உட்கார்ந்தவன். மார்ச் மாதம் தோப்பும்படியில் போட்டோகிராபர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. மேடையில் ராமபத்ரன் சார் மைக்கைப் பிடித்து, பத்து நாள் வேலையை ஒரு மணி நேரமாக்கிய ஸ்கிரிப்ட் பற்றிச் சொல்லி, அதை எழுதியது நம் சுதர்ஷன் என்றார். அவனுக்குப் பொன்னாடை போட்டார்கள். நானும் செல்வியும் ஐந்தாவது வரிசையில் இருந்தோம். எல்லோரும் கை தட்டினார்கள். செல்வியும் தட்டினாள். ஏன் தட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள். முதல் வரியில் சுதர்ஷன் பெயர் இருந்தது. மற்றபடி ஒரு புள்ளி மாறவில்லை.

அவள் போய்க் கேட்டாள். ராமபத்ரன் சார் சாயா குடித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“பத்தாங்கிளாஸ்காரி எழுதினான்னா ஸ்கூல்காரா நம்புவாளா? இன்ஜினியர் எழுதினான்னா ஒரு மதிப்பு, கேட்டியா. பேர்ல என்ன இருக்கு?”

செல்வி வேலையை விட்டாள். போகும்போது எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போ என்றார்கள், எழுதி வைத்தாள். படம் எடுக்கும் முறை மட்டும் அக்காவுக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளவும் என்று கடைசியில் ஒரு வரி. நான் என் சீப்புப் பெட்டியை எடுக்கப் போனபோது சுதர்ஷன் பழைய படங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“மாமா, இந்தச் சேச்சி கேமரா முன்னாடி கையாட்டி விளையாடியிருக்கு. டிலீட் பண்ணட்டா?”

பண்ணு என்றார் அவர். என்னைப் பார்த்து, இனிமேல் தலை சீவ டீச்சர்களே போதும், நீ வரண்டாம் என்றார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

செல்விக்கு இடப்பள்ளியில் ஒரு பெரிய கடையின் துணிப் படங்களைச் சரிசெய்யும் வேலை கிடைத்தது. ஜூன் பிறந்தது. மழை, காய்ச்சல், வகுப்புக்கு மூன்று நாலு பிள்ளைகள் வராத காலம். ஒரு நாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டாள்.

“எக்கா, கை வைக்கிறதை அவங்ககிட்ட சொன்னியா?”

“கேட்டாங்களா?”

“உன்கிட்ட கேக்கச் சொல்லித்தான எழுதியிருந்தேன்.”

“கேக்கலை. அதனால சொல்லலை.”

அவள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அன்றிலிருந்து நாட்களை எண்ணினேன்.

நடந்தது என்ன என்று பின்னால் கடையின் கம்ப்யூட்டரிலேயே பார்த்தேன். செல்வியின் ஸ்கிரிப்ட் அவர்களை எச்சரித்திருக்கிறது. நாற்பத்தொரு பெயர், முப்பத்தெட்டு படம், சரிபார்க்கவும் என்று நின்றுவிட்டிருக்கிறது. செல்வி வைத்த காவல் அது. இன்ஜினியர் என்ன செய்தான் தெரியுமா? கடைசிப் பிள்ளையின் படத்தை மூன்று முறை காப்பி செய்து பெட்டியில் போட்டு எண்ணிக்கையை நிரப்பினான். ஸ்கிரிப்ட் திருப்தியாக ஓடியது. ஒவ்வொரு வகுப்புக்கும் அப்படியே செய்திருக்கிறான். அச்சடித்தார்கள், கயிறு கோத்தார்கள், பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

காலை அசெம்பிளியில் அட்டை வழங்கியபோது பள்ளிக்கூடமே சிரித்தது என்று கேள்விப்பட்டேன். பெண்பிள்ளை பெயரில் பையன் முகம். ஐந்தாம் வகுப்பில் ஒரே பிள்ளையின் முகம் நாலு பெயரில். ஆசிரியர்கள் அட்டையும் அப்படித்தான். தலைமை ஆசிரியை ஸாதனா டீச்சர் படம் எடுத்த அன்று மீட்டிங்குக்குப் போயிருந்தார். அவர் பெயர் போட்ட அட்டையில் கணக்கு சாரின் மீசை இருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் நான் பாயசம் வைத்தேன். மறைக்கவில்லை.

செல்வி வந்து பாயசத்தைத் தொடவில்லை.

“அட்டையில ரத்த வகை இருக்குக்கா. ஒரு பிள்ளைக்கு அடிபட்டுச்சுன்னா?”

அதை நான் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் அதை விட்டுவிட்டேன். அட்டைகளை அன்றே திரும்ப வாங்கிவிட்டார்கள் என்பது தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் கோபம் அப்படியேதான் இருந்தது.

மூன்றாம் நாள் ராமபத்ரன் சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமைக்குள் சரியான அட்டை வராவிட்டால் பள்ளிக்கூடம் இனிமேல் அவர் முகத்திலேயே முழிக்காது என்று ஸாதனா டீச்சர் சொல்லிவிட்டாராம். எங்கள் அம்மா முப்பிடாதி நாற்காலி எடுத்துப் போடப் போனாள். வேண்டாம் என்று நான் கண்ணால் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடியே பேசினார். சுதர்ஷன் மூன்று நாளாகப் பார்க்கிறான், எங்கே தப்பு என்று தெரியவில்லை என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“வீரலட்சுமி, நீங்க தங்கையையும் அழைச்சுண்டு ஒரு தடவை வந்து செரியாக்கித் தரணும்.”

அதுவரை அவர் என்னை நீங்க என்று சொன்னதில்லை. செல்வி உடனே வருகிறேன் என்று சொல்லியிருப்பாள். அந்தப் பிள்ளைகளுக்காக. அவள் மனசு அப்படி. நான் முந்திக்கொண்டேன்.

“வர்றோம் சார். ஸ்டாப் ரூம்ல எல்லா டீச்சரும் இருக்கும்போது, ஸ்கிரிப்ட் எழுதுனது இசக்கிசெல்வின்னு நீங்க சொல்லணும். அப்புறம்தான் அவ கம்ப்யூட்டரைத் தொடுவா.”

“ஸாதனா டீச்சர்ட்ட தனியா சொல்லிக்கலாமே. அது போறாதா?”

“மைக்ல சொன்னதைக் காதுல வந்து மாத்துவீங்களா?”

அவர் செல்வியைப் பார்த்தார். செல்வி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, அக்கா சொன்னதுதான் என்று தலையை ஆட்டினாள். எனக்கு அது போதும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, சாயா இடைவேளையில், இருபத்தெட்டு டீச்சர்கள் முன்னால் அவர் அதைச் சொன்னார். தரையைப் பார்த்துச் சொன்னார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று நான் சொன்னேன். இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் சுதர்ஷனைக் கடையிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அந்த முதல் வரியில் தன் பெயரை அழித்து செல்வியின் பெயரை அவன் கையாலேயே அடிக்கவைத்தோம். செல்வி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஸாதனா டீச்சர் அவள் தோளில் கை வைத்து மலையாளத்தில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. செல்வியும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

படங்களை மறுபடி எடுக்கத் தேவையில்லை. வராத பிள்ளைகளின் இடத்தில் ஒரு கையைச் செருகினால் வரிசை சரியாகிவிடும். வருகைப் பதிவேட்டை வாங்கினேன். படம் எடுத்த நாலு நாளிலும் சேர்த்து எழுபத்து மூன்று பேர் வரவில்லை.

“உன் கையை நீட்டுக்கா” என்றாள் செல்வி.

“என் கை வராது. வரண்டாம்னு சொல்லிட்டாங்க. சார் நீட்டட்டும்.”

“சரி, சார் கையை ஒரு படம் எடுத்தாப் போதும். காப்பி பண்ணிக்கலாம்.”

“காப்பி பண்ணித்தான் இந்தக் கதி. ஒவ்வொண்ணா எடுப்போம்.”

லைப்ரரி அறையில் வெள்ளைத் துணிக்கு முன்னால் ராமபத்ரன் சாரை நிறுத்தினோம். சுதர்ஷன் கேமராவைப் பிடித்தான். நான் பதிவேட்டை விரித்து, வகுப்பு வகுப்பாக, வராத பிள்ளையின் பெயரை வாசித்தேன். வாசித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

“கை, சார்.”

அவர் நீட்டினார். மோதிரக் கை. முப்பதைத் தாண்டியபோது இடது கையை நீட்டப் போனார். மாற்றாதீர்கள், பொறுக்கும்போது குழப்பம் வரும் என்றேன். ஜன்னலுக்கு வெளியே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நின்று எட்டிப் பார்த்தார்கள். நான் விரட்டவில்லை. எழுபத்து மூன்றையும் முடித்துத்தான் பதிவேட்டை மூடினேன்.

செல்வி படங்களை இடம் பார்த்துச் செருகி, சுதர்ஷன் போட்ட காப்பிகளை நீக்கி, ஸ்கிரிப்டை ஓடவிட்டாள். ஐம்பத்திரண்டு நிமிஷம். ஒவ்வொரு அட்டையையும் நான் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தேன். எல்லாப் பிள்ளையும் தன் பெயரில் இருந்தது. அன்றே படம் எடுத்துச் சேர்த்ததால் ஸாதனா டீச்சரும் தன் முகத்துக்கு வந்துவிட்டார். கை அட்டைகள் எழுபத்து மூன்றும் தனியே வந்து விழுந்தன. அந்தப் பிள்ளைகளையும் மறுவாரம் செல்வி எடுத்துக் கொடுத்தாள்.

கை அட்டைகளைக் கிழித்துப் போடச் சொன்னார்கள். எழுபத்திரண்டைக் கிழித்தேன். ஒன்றில் பெயரும் ரத்த வகையும் இருந்த கீழ்ப்பாதியை மட்டும் கத்தரித்துப் போட்டேன். அந்தப் பிள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேல்பாதியில் ராமபத்ரன் சாரின் கை மோதிரத்தோடு இருக்கிறது. கயிறு கோத்து, எங்கள் வீட்டு வாசல்கதவுக்கு உட்புறம் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். யார் வந்து கேட்டாலும் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.