சம்பந்தியம்மாவுக்குச் சொல்ல ஒரு வாக்கியம்

என் மகன் மொழிபெயர்த்தால் எந்தக் கதையும் சுண்டிப் போய்விடும். வீடியோ காலில் நான் சம்பந்தியம்மாவிடம் எங்கள் ஊர் ஏரி, வெயில், என் பேருந்து வேலை என்று மூச்சுவிடாமல் பேசுவேன். அவன் ஸ்பானிய மொழியில் நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வான். ‘டேய், நான் எவ்ளோ சொன்னன்!’ என்றால், ‘எல்லாம் சொல்லிட்டன் நைனா’ என்பான். திருப்பதிக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவே காலமெல்லாம் கண்டக்டராகக் கத்தியவன் நான். என் பேச்சை இன்னொருவன் கத்தரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் எழுபதை நெருங்கும் வயதில் ஸ்பானிய மொழி படிக்கக் கிளம்பியதற்கு அந்தக் கோபம் காரணமில்லை. ஒரே ஒரு செய்தியை நானே என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

மகன் வேலைக்காக ஸ்பெயின் போய், அங்கேயே ஒரு பெண்ணை விரும்பினான். அந்தப் பெண் ஒரு நாள் காலையில், அவன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துத் தானே எங்களுக்கு வீடியோ கால் போட்டாள். பக்கத்தில் அவள் அம்மாவும் இருந்தாராம். நான் பால் வாங்கப் போயிருந்தேன். என் மனைவி சாமி விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் இவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், என் போன் முழுக்கக் குங்குமம்.

‘இன்னாடி இது?’

‘நம்ம மருமவ பேசிச்சி. பேச்சு ஒண்ணும் புரியல. பொட்டு வச்சி, கன்னத்த வழிச்சன். அப்புறம் அதுவே கட்டாயிடுச்சி.’

அவளுக்குப் பிடித்தவர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான் செய்வாள். நெற்றியில் பொட்டு வைத்து, அதே கையால் கன்னத்தைத் தடவிக்கொண்டு மோவாய் வரை வருவாள். போனிலும் அதையே செய்திருக்கிறாள். மேலே அழுத்தமாக ஒரு பொட்டு, அங்கிருந்து கீழே வரைக்கும் சிவப்பாக ஓர் இழுப்பு. இழுப்பு முடிந்த இடத்தில்தான் வீடியோ காலைத் துண்டிக்கிற வட்டம் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே போனைத் துடைத்தேன். அடுத்த வாரம் அவள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் எதைப் பற்றியும் பேசத் தெம்பில்லை.

வருஷம் திரும்பி, கல்யாணப் பேச்சு எடுத்தபோதுதான் மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். ‘நைனா, அவங்க அம்மாவுக்கு மனசு ஒப்பல. நம்ம அம்மாவுக்கு இந்தப் பொண்ணு புடிக்கலன்னு நெனச்சிக்கினு இருக்காங்க. மூஞ்சியப் பாத்ததும் வெரலால தள்ளி, கட் பண்ணிட்டாங்களாம்.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்ததைச் சொன்னேன். அவன் உடனே கண்கலங்கி அவர்களிடமும் சொன்னான். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டு, பையன் நம்மைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறான் என்று விட்டுவிட்டாராம். அவரையும் குறை சொல்ல முடியாது. கல்யாணம் ஆக வேண்டிய பையன் வேறு எப்படிச் சொல்வான்? அந்தக் குங்குமத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். நான்தான் சொல்லியாக வேண்டும். செத்துப்போனவள் மேல் இப்படி ஒரு பழி நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

திருப்பதியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஓட்டல் மாடியில், வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறார்கள். போய்ச் சேர்ந்தேன். ஸ்பானிய மொழி எடுத்தவர் ஸ்பெயினில் சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய தெலுங்குப் பெண்மணி. என்னை முதல் நாள் யாரோ பிள்ளையின் அப்பா என்று நினைத்து நாற்காலி போட்டு வெளியே உட்காரவைத்தார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மேடம் யோசித்தார். இரண்டு நிகழ்ச்சிகளும் முடிந்தவை. அதில் எது முதலில் நடந்தது என்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றார். கால் கட்டாகிற நேரத்துக்குள் பொட்டு வைத்து முடிந்திருந்தது. அதற்கு அவர்கள் மொழியில் ‘அபியா’ என்று போட்டு, வினைச்சொல்லின் வாலை ‘ஆதோ’, ‘ஈதோ’ என்று மாற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பேசியிருந்தாள் என்றால் ‘அபியா அப்லாதோ’. சாப்பிட்டிருந்தாள் என்றால் ‘அபியா கொமீதோ’. இது நமக்குப் பழகிய கணக்குதான். நம்முடைய ‘இருந்தாள்’ பின்னால் வருகிறது, அவர்களுடைய ‘அபியா’ முன்னால் வருகிறது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று எனக்குக் குஷியாகிவிட்டது.

சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றார் மேடம். நான் பிச்சாட்டூர் பக்கத்துக்காரன். இரண்டாம் வகுப்பு வரை எங்கள் ஊர் சென்னை மாநிலத்தில் இருந்தது. அப்போது எல்லைத் தகராறு தீர்ந்து, மாநில எல்லைக்கோட்டை மாற்றிப் போட்டார்கள். கோடை விடுமுறையில் நான் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் இனி எந்தத் தாலுகா கச்சேரிக்குப் போவது, எந்த பாஷையில் மனு எழுதுவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே, ‘பள்ளிக்கூடம் திறந்தபோது என் ஊர் ஆந்திராவுக்குப் போய்விட்டிருந்தது’ என்று ஸ்பானிய மொழியில் அடித்துவிட்டேன்.

‘ஊரு எலா வெள்துந்தி அங்கிள்?’ என்று மேடம் சிரித்தார். ஊர் எப்படிப் போகும் என்கிறார்.

‘மா ஊரு வெள்ளிந்தம்மா,’ என்றேன். எங்கள் ஊர் போனதே! வகுப்புப் பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகுதான் வினை. எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. அந்நியர் ஒருவரைப் பார்த்து, நாம் பேசுகிற தமிழ் எடுபடாது என்று தெரிந்ததும் வாய் தானாகத் தெலுங்குக்குத் தாவிவிடும். தமிழ் தெரியாதவர் என்றால் தெலுங்குக்காரர் என்றே அது முடிவு செய்து வைத்திருக்கிறது. சம்பந்தியம்மாவிடம் போனில் பழகிப் பார்க்கும்போது ஸ்பானிய வார்த்தை சிக்காத இடத்திலெல்லாம் தெலுங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அதிலும் ‘அதற்குள்ளேயே’ என்பதற்கு அவர்களுடைய ‘யா’ இருக்க, நான் ‘அப்பட்டிகே’ என்பேன். ‘அப்பட்டிகே அபியா கொமீதோ’ என்று நான் சொன்னால் சம்பந்தியம்மா குழம்புவார். மகன் தலையில் அடித்துக்கொள்வான். பொட்டு விஷயத்தை மட்டும் போனில் எடுக்கவில்லை. இன்னொரு தடவை கால் கட்டாகித் தொலைந்தால் என்ன செய்வது? நேரில் பார்த்தே சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ‘வைத்திருந்தாள்’ என்பதற்கு நான் ‘போனிதோ’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வினைக்கு மட்டும் வால் வேறு, ‘புவெஸ்தோ’ என்று வர வேண்டும் என்பார் மேடம். ஊரில் இருக்கிற வினையெல்லாம் சொன்னபடி கேட்கும்போது, எனக்கு வேண்டிய ஒன்றுதானா முரண்டு பிடிக்க வேண்டும்? குளிக்கும்போதும், மார்க்கெட்டுக்கு நடக்கும்போதும் புவெஸ்தோ, புவெஸ்தோ என்று முனகினேன். பூக்காரம்மா எனக்கு ஏதோ புது மந்திரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

கல்யாணம் நாராயணவனத்தில். பெருமாளே கல்யாணக் கோலத்தில் இருக்கிற ஊர் என்பதால் எங்கள் பக்கத்தில் பலருக்கும் அங்கேதான் ஆசை. பெண்ணும் அவள் அம்மாவும் வந்து இறங்கினார்கள். அப்பாவுக்கு நீண்ட பயணம் ஒத்துக்கொள்ளாதாம். வீட்டில் காலையிலிருந்து ஆளாளுக்குக் காபி கொடுத்துக்கொண்டே இருக்க, சம்பந்தியம்மா கடைசி டம்ளரைக் கையால் தடுத்து, ‘அப்பட்டிகே!’ என்றார். ஏற்கெனவே குடித்துவிட்டாராம். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் ஆச்சரியத்தில் வாயைப் பிளந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் என் மனைவியின் படத்துக்கு முன்னால் வந்தபோது அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். மகளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் நலங்கு வைத்தார்கள். மஞ்சளும் குங்குமமும் தட்டில் இருந்தன. மகன் மாலை வந்ததா என்று பார்க்க வாசலுக்குப் போனான். இதுதான் சமயம் என்று நான் சம்பந்தியம்மாவுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மணமகள் மணையில் உட்கார்ந்து எங்களையே பார்த்தாள்.

சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய போனை எடுத்தேன். எவ்வளவு துடைத்தும், காதில் வைத்துக் கேட்கிற இடத்துச் சின்னச் சல்லடையில் குங்குமம் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டினேன். பிறகு சொன்னேன். கால் கட்டானபோது என் மனைவி ‘அப்பட்டிகே’ பொட்டு வைத்திருந்தாள். ‘அபியா போனிதோ’ என்றுதான் வாயில் வந்தது. அத்தனை நாள் முனகியது எங்கே போனதோ! விட்டுவிட்டுக் கையை எடுத்தேன். போனில் ஒரு முகம் இருப்பதாக வைத்துக்கொண்டு, நெற்றியில் பொட்டு வைத்து, கன்னத்தை வழித்துக் கீழே வந்தேன். என் விரல் அந்த வட்டம் இருந்த இடத்தில் போய் நின்றது.

சம்பந்தியம்மா போனைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். அவர் கண் நிறைந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: ‘நோ லோ அபியா எந்தெந்தீதோ.’

‘நான் அதைப் புரிந்துகொண்டிருக்கவில்லை’ என்கிறார். அவர் மொழியில், யார் துணையும் இல்லாமல், முழுசாக எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அதுதான்.

அவர் எழுந்து போய்த் தட்டிலிருந்து குங்குமம் எடுத்தார். மகள் நெற்றியில் வைத்து, அப்படியே கன்னத்தைத் தடவிக்கொண்டு மோவாய்க்கு வந்தார். கையை எடுக்காமல் அங்கேயே பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் தேம்பி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெட்கப்படவில்லை.

மகன் மாலைகளோடு ஓடி வந்தான். ‘இன்னா நைனா ஆச்சி? இன்னா சொன்னாங்க?’

இந்தத் தடவை மொழிபெயர்க்கிற முறை என்னுடையது.

‘உங்க அம்மா வச்ச பொட்டு, இப்பதான்டா போய்ச் சேந்துது,’ என்றேன்.