வசந்தாவின் இடத்தில் நிற்பது யார்?

செய்தி வந்தபோது, வேங்கிக்கால் அலுவலகங்களுக்குப் போகவேண்டிய சாப்பாட்டு கேரியர்களின் மூடிகளை நான் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சமையற்கூடத்தில் காய் நறுக்கும் அஞ்சலை ஓடிவந்தாள்.

"மேடம், வசந்தாக்கா ஆஸ்பத்திரியிலயே போயிட்டாங்களாம்."

எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நான் கேரியர்களைப் பார்த்தேன்.

"அனுப்பிடுங்க மேடம். ஆறவெச்சா அக்கா எழுந்து வந்து திட்டும்" என்றாள் அஞ்சலை.

அன்று மதியம் சாப்பிட்டவர்களே, உங்களுக்குத் தெரியாது. அனுப்பிவிட்டுத்தான் அழுதோம்.

எங்கள் மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் வசந்தாவும் நானும் கூட்டாகத் தொடங்கிய தொழில் இது. சமையலும் ஆட்களும் அவள் பொறுப்பு. கணக்கும் கடிதங்களும் என் பொறுப்பு. வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகே எங்கள் அடுப்பு பற்றும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குக் காலை டிபன் கேட்டு ஒரு லாட்ஜ்காரர் வந்தார். வசந்தா மறுத்துவிட்டாள். "விடியக்காலையில இவளுங்க இங்க வந்துட்டா, பிள்ளைங்களுக்கு யாருங்க தலை வாருறது?" அந்த ஆர்டரை நினைத்தால் எனக்கு இன்றும் கை பரபரக்கிறது.

அவளுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. "எவ வரலையோ, அவ எடத்துல முதலாளி நிக்கணும்." அஞ்சலையின் மகனுக்குக் காய்ச்சல் என்றால் வசந்தா வெங்காயம் நறுக்குவாள். பாத்திரமும் தேய்த்திருக்கிறாள். தன் மகள் கல்பனாவுக்குக் காய்ச்சல் என்றாலும் இங்கேதான் நிற்பாள்.

ஒரே ஒரு முறை வீட்டில் இருந்தாள். கல்பனாவுக்கு அம்மை வார்த்து, வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். வெளியே வரக்கூடாது. அஞ்சலைதான் அப்போது சமைத்தாள். மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிய வசந்தா சாம்பாரை ருசி பார்த்தாள்.

"நான் இல்லாம இவ்ளோ நல்லாவா வந்துச்சு?"

"நீங்க இல்லாததாலதாங்க்கா."

வசந்தா சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க ஓரிடத்தில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட வீட்டில் தங்கவுமில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கல்பனா கைக்குழந்தையோடு வந்தாள். "மூடிடலாம் ஆன்ட்டி. வேப்பிலை கட்டினப்பதான் எங்கம்மா எனக்குக் கிடைச்சாங்க. மத்த நாளெல்லாம் இந்த அடுப்புக்கே போயிடுச்சு."

அதில் பொய் எதுவும் இல்லை. பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். வசந்தாவின் அடுப்பில் அஞ்சலை நின்றிருந்தாள். அஞ்சலையின் அரிவாள்மனை சும்மா கிடந்தது. போய் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தேன். என் வாழ்நாளில் அந்தக் கூடத்தில் நான் காய் நறுக்கியதில்லை.

சற்று நேரம் பார்த்த அஞ்சலை சொன்னாள்: "மேடம், ஸ்கேல் வெச்சா நறுக்கறீங்க? நீங்க முடிக்கறதுக்குள்ள ஆபீஸே பூட்டிடுவாங்க."

கல்பனாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நடத்துங்க ஆன்ட்டி. இந்த அடுப்புக்கு என்னை மட்டும் கூப்பிடாதீங்க" என்றாள். கூப்பிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன்.

வசந்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவளுடைய சட்டத்தைத்தான். கூடவே ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: முதலாளி வராவிட்டால், அவள் இடத்திலும் ஒருத்தி நிற்கலாம். இப்போதெல்லாம் உங்கள் சாம்பாரில் வெங்காயம் ஒரே அளவில் இருக்கும். சாப்பாடு சற்றுத் தாமதமாக வரும். ஆனால் வரும்.