மேட்டு லயத்தார் காக்கும் துக்கம்

போதகர் எபனேசர் ஐயா காலமான செய்தி, பொகவந்தலாவை பஸ்ஸுக்காக நான் காத்துநின்றபோது வந்தது. ஆலயச் செயலாளர் யோவான் அழைத்தார். "சார், ஐயா போயிட்டாருங்க. நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்... வழியிலேயே..."   பஸ் வந்தது, ஏறாமல் நின்றேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. பிரசங்கம் சுமாராகத்தான் செய்வார். அதை அவரே ஒப்புக்கொள்வார். "நான் பேசயில தூங்குனவங்க எல்லாம் நல்லா ஓய்வெடுத்திருக்காங்க சார். அதுவும் ஊழியந்தான்" என்பார்.

கடந்த மழையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது; வீட்டுச் சுவர்களிலும் விரிசல் விழுந்தது. பார்க்க வந்த அதிகாரிகள், இனி இங்கே இருக்கக்கூடாது என்றார்கள். எங்கே இருப்பது என்று சொல்லவில்லை. ஐயா அன்றே மேலே ஏறிப்போய், அத்தனை குடும்பங்களையும் ஆலயத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். பெரும்பாலும் இந்துக்கள். உட்காரும் வாங்குகளை வெளியே எடுத்துப் போட்டு, உள்ளே பாய் விரித்தாயிற்று.

"ஞாயித்துக்கிழமை ஆராதனைய எங்கங்க ஐயா வைக்கிறது?" என்று யோவான் கேட்டார்.

"முத்தத்துல."

"மழை பேஞ்சா?"

"நாம நனைஞ்சா வீட்டுக்குப் போய்த் தொவட்டிக்கலாம் யோவான். இவங்க எங்க போவாங்க?"

அதன்பிறகு குடை பிடித்தபடிதான் பாட்டுப் பாடினோம்.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் ருக்குமணி, வரும்போதே மாரியம்மன் படத்தையும் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். சபை மூப்பர் ஒருவர் முகம் சுளித்தார். ஐயா அவரிடம், "அந்த மாரியம்மா இருந்த வீடுந்தானங்க வெடிச்சிருக்கு? அவங்கள மட்டும் எப்படி மேல விட்டுட்டு வர்றது?" என்று கேட்டார். மூப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படம் ஜன்னலோரத்தில் இருந்தது.

ஐயாவின் உடல் வந்த காலையில், யாரும் சொல்லாமலே மேட்டு லயத்தார் ஆலயத்தைக் காலிசெய்தார்கள். தரையைக் கழுவினார்கள். வாங்குகளைத் துடைத்து உள்ளே அடுக்கினார்கள். அடக்கம் முடிந்ததும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்கள். அதே வெடித்த லயத்துக்கு.

மறுநாள் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வரவில்லை. புதிதாகப் பொறுப்பேற்ற போதகர் போய் அழைத்துப் பார்த்தார். பிறகு நான் போனேன். ருக்குமணி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கருமாதி முடியாம அங்க எப்படிங்க சார் போய்ப் படுக்கிறது?"

"எங்கள்ல கருமாதி கிடையாதும்மா. அடக்கத்தோட முடிஞ்சிருச்சு."

"ஒங்களுக்கு முடிஞ்சிருக்கும். எங்களுக்கு எங்க வீட்டு ஆளா அவரு செத்திருக்காரு சார். அவரு பொட்டி வச்ச எடத்துல நாங்க கால நீட்டுறதா?"

"சுவரப் பாரும்மா."

"கருமாதி வரைக்கும் தாங்கும்."

உள்ளேயிருந்து அவருடைய கணவர் குரல் கொடுத்தார்: "தாங்கலேன்னா, ஐயாவ நேர்லயே பார்த்துக் கேட்டுக்குறோம் சார்!"

"வாய மூடுங்க" என்றார் ருக்குமணி.

வகுப்பில் ஒரு கணக்கைப் பலவிதமாகச் செய்து காட்டியும் பிள்ளைகளுக்கு விளங்காவிட்டால், சுண்ணக்கட்டியோடு சும்மா நிற்போமே, அப்படி நின்றேன். இங்கே விளங்காதவன் நான்தானோ என்றும் தோன்றியது. அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்லர். அவருக்குச் செய்யவேண்டிய மரியாதையைச் செய்கிறார்கள். அந்த மரியாதை போதும், இறங்கி வாருங்கள் என்று உரிமையோடு சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் அடக்கம் செய்துவிட்டோம்.

இதை எழுதும்போதும் அவர்கள் மேலேதான் இருக்கிறார்கள். ஆலயம் வெறுமையாகக் கிடக்கிறது. ஐயாவை நேசித்தவர்களே, உங்களில் எவர் பேச்சை அவர்கள் கேட்பார்களோ, அவர் தயவுசெய்து போய்ச் சொல்ல வேண்டும். என் பேச்சு எடுபடவில்லை.

ஐயாவின் போதனைகளில் எவ்வளவு என்னிடம் தங்கும் என்று தெரியவில்லை. மழை வந்தால் மேட்டு லயம் என்னவாகுமோ என்ற அவருடைய பயம் தங்கிவிட்டது. கூரைத் தகரத்தில் முதல் துளி விழுந்ததும் எழுந்து வெளியே போய், மேட்டு லயத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன்.