செம்பிலிருந்த பிடிமண்

தாத்தாவின் நெஞ்சில் வைத்துப் புதைத்த பிடிமண் அசல் அல்ல. அதை மாற்றி வைத்தவன் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தபோது, தாத்தாவின் தகப்பனார் திருச்சிப் பக்கத்துக் கறுப்பசாமி கோயிலிலிருந்து மண் எடுத்து வந்திருந்தார். கோயிலைத் தூக்கி வர முடியாதவர்கள் அப்படித்தான் செய்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் வீட்டில் அது ஒரு சின்னச் செம்பில், மஞ்சள் துணி கட்டி, சாமிப் பலகையில் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் தாத்தா அதைத் தொட்டு எல்லோர் நெற்றியிலும் வைப்பார்.

எனக்கு ஓடையில் மீன்குஞ்சு பிடிக்க ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. மண்ணை ஒரு சேம்பு இலையில் பத்திரமாகத்தான் கொட்டி வைத்தேன். மழை வந்தது. இலை மட்டும் மிஞ்சியது. தேயிலைச் செடியடியில் மண் அள்ளி, அடுப்போரம் உலர்த்தி, செம்பை நிரப்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை தாத்தா மண்ணை விரல்களுக்கிடையே தேய்த்தார். வழக்கத்தைவிட நேரமாயிற்று. பிறகு என் நெற்றியில் வைத்து, "போயி வெளையாடு, போ" என்றார்.

மூன்று மாதத்தில் அவர் இறந்தார். பாடையைத் தூக்குமுன் அப்பா ஒரு பிடி மண்ணை அவர் நெஞ்சில் வைத்தார். புரண்டு அழுதுகொண்டிருந்த அத்தை எழுந்து உட்கார்ந்தாள்.

"அழாதீங்க. எங்கப்பா ஊரு மண்ணோடதான் சாமிகிட்ட போறாரு."

எல்லோருக்கும் மனம் ஆறியது. அந்தத் தேயிலை மண்ணோடு போனால் சாமி அவரை அடையாளம் காணுமா என்ற பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

நான் படித்தேன், ஆசிரியனானேன், ஓய்வும் பெற்றேன். தொண்ணூறுகளின் கடைசியில் திருச்சிக்குப் போய், அந்தக் கோயிலைத் தேடிப் பிடித்து, ஒரு பிடி மண் கொண்டுவந்தேன். தோட்டத்துக்குப் போக ஹட்டனுக்கு வரும் வழியில், போர்க்காலச் சோதனைச் சாவடிச் சிப்பாய் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, இந்த நாட்டில் மண் இல்லையா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான்.

அத்தை அதே லயத்தில் இருந்தாள். கண் மங்கியிருந்தது. செம்பும் பலகையில் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்த, வாத்தியாரே? அப்பா தொட்ட அன்னைக்கே சொல்லிட்டாரு. 'இது நம்ம நாலாம் நம்பர் தேயில மலை மண்ணு. பய பயந்து கெடக்கான், கேட்டு வைக்காத'ன்னாரு."

"தெரிஞ்சுமா அத்தை கும்பிட்டீங்க?"

"அவரே கும்பிட்டுட்டாரே. அப்புறம் அது சாமி இல்லாம என்னடா?"

நான் கொண்டுபோன சிவந்த மண்ணையும் அந்தக் கறுத்த மண்ணோடு கொட்டச் சொன்னாள். கலந்து, விரலால் தொட்டு என் நெற்றியில் வைத்தாள். அப்போதுதான் தாத்தாவுக்காக அழுதேன்.

தாத்தா விளையாடப் போகச் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை, கிழவர் ஏமாந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில்தான் நான் விளையாட ஓடினேன்.